பின்கட்டில் 10×8 கான்கிரீட் தளம்: பலகைப் பெட்டியை நாமே அடிக்கலாமா?

வாசல்திண்ணை (சனி, காலை 7.15)

வணக்கம். திருச்சி பக்கம் சொந்த வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்க, பாத்திரம் கழுவ 10 அடி நீளம், 8 அடி அகலத்தில் ஒரு தளம் வேண்டும். இப்போது வெறும் மண்தான். மழை பெய்தால் பாதிச் சேறு அடுப்பங்கரைக்கு வந்துவிடுகிறது. மூன்று கொத்தனார்களிடம் கேட்டாயிற்று. "ஒரு நாள் வேலைக்கெல்லாம் ஆள் கூட்டிட்டு வர முடியாதுங்க" என்பதை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். சரி, நானும் மச்சானுமே போட்டுவிடுகிறோம்.

கலவை பற்றி ஓரளவு தெரியும். பயமெல்லாம் கான்கிரீட் வழியாமல் இருக்க ஓரத்தில் அடிக்கிற பலகை பற்றித்தான். பழைய மரக்கடையில் பேக்கிங் பெட்டி பிரித்த பைன் பலகைகள் வாங்கி வைத்திருக்கிறேன். 4 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன். தளமும் 4 அங்குலம்தான். இது போதுமா? அமெரிக்க வீடியோக்களில் எல்லோரும் 'டூ பை ஃபோர்' கட்டை வைக்கிறார்கள். அதுதான் வேண்டுமா?

செங்கல்சூளை (சனி, காலை 8.02)

தம்பி, பலகையே வேண்டாம். மூன்று பக்கமும் ஒரு வரி செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, கலவை வைத்துப் பிடித்துவிடுங்கள். ஒரு நாள் காயட்டும். அப்புறம் உள்ளே கான்கிரீட் கொட்ட வேண்டியதுதான். கழற்றுகிற வேலையும் இல்லை, பலகை வாங்கிய காசும் மிச்சம். நம் ஊரில் காலம் காலமாக இப்படித்தான்.

ரசமட்டம் (சனி, காலை 8.40)

அண்ணே சொல்வது நடக்கிற காரியம்தான். எங்கள் அப்பா (புதுக்கோட்டையில் 30 வருடம் கொத்தனார்) அப்படி நிறையப் போட்டிருக்கிறார். ஆனால் துவைக்கிற தளத்தில் அந்தச் செங்கல் ஓரம் எப்போதும் ஈரத்தில் நிற்கும். நாலைந்து வருடத்தில் உப்புப் பூத்து உதிர ஆரம்பிக்கும். வாளி இடித்தே பாதி போய்விடும். பலகை வைத்து ஒரே வார்ப்பாகப் போட்டால் ஓரமும் கான்கிரீட்டாகவே இருக்கும். ஒரு முழு நாள் கூடுதல் வேலை என்றாலும் என் ஓட்டு பலகைக்கே.

வாசல்திண்ணை சார், வீட்டுச் சுவர் பக்கம் பலகை வேண்டியதில்லை. சுவரையொட்டி அரை அங்குலத் தெர்மோகோல் பட்டையை நிறுத்திவிடுங்கள். தளமும் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. ஒட்டினால் தளம் லேசாக இறங்கும்போது விரிசல் சுவரோரமாக வந்து நிற்கும். ஆக, உங்களுக்கு மூன்று பக்கம்தான் பலகை.

பனிநாட்டுத் தமிழன் (சனி, காலை 9.30)

டொராண்டோவிலிருந்து. அந்த வீடியோக்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கே 'டூ பை ஃபோர்' என்று விற்பது பெயருக்குத்தான் 2-க்கு 4. இழைத்து வந்தபின் அளந்தால் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அதை நிறுத்தி நிரப்பினால் தளம் 4 அங்குலம் வராது, மூன்றரைதான் வரும். என் முதல் தளத்தில் பாதி ஊற்றிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. உங்கள் பலகையையும் ஒரு முறை டேப் வைத்து அளந்துவிடுங்கள். கடைக்காரர் சொன்ன அளவை நம்ப வேண்டாம்.

கட்டுமானக்காரி (சனி, காலை 11.10)

சிவில் படித்தவள் என்பதால் கொஞ்சம் கணக்கு. போரடித்தால் தாண்டிப் போங்கள்.

ஈரக் கான்கிரீட் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும். ஆனால் தண்ணீரைவிட 2.4 மடங்கு கனம். 4 அங்குல உயரத்துக்கு, ஒரு மீட்டர் நீளப் பலகையில் விழும் தள்ளு மொத்தம் 12 கிலோ அளவுதான். உங்கள் 10 அடிப் பக்கம் முழுவதற்கும் 37 கிலோ போல வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தளத்தை 6 அங்குலமாக்கினால் மீட்டருக்கு 27 கிலோ. உயரம் ஒன்றரை மடங்குதான் ஏறியது, தள்ளு இரண்டேகால் மடங்கு ஏறிவிட்டது.

பலகை உடையாது. வயிறு தள்ளும், பிரச்சினை அதுதான். பலகையைத் தாங்க மண்ணில் அடிக்கிற குச்சிதான் முளை. முளைக்கும் முளைக்கும் நடுவே பலகை வெளியே வளைவதைச் சொல்கிறேன். முளை இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் வளைவு 16 மடங்காகும். பலகைத் தடிமன் 1 அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலமானால் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால் 1 அங்குலப் பலகை போதும், ஆனால் முளையை 2 அடிக்கு ஒன்றாக அடியுங்கள். ஒன்றரை அங்குலப் பலகையாக இருந்தால் 3 அடி விடலாம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், முளைக்கு என்ன பெரிய விலை.

இன்னொன்று. மேலே சொன்னது கான்கிரீட் சும்மா இருக்கும்போது உள்ள கணக்கு. நீங்கள் மண்வெட்டியால் தள்ளுவீர்கள், சட்டியோடு பலகை மேல் ஏறி நிற்பீர்கள், கம்பியால் குத்துவீர்கள். அதையும் பலகைதான் தாங்க வேண்டும்.

வாசல்திண்ணை (சனி, மதியம் 1.05)

எல்லோருக்கும் நன்றி. அளந்தேன். 4 அங்குலம் என்று விற்ற பலகையில் இரண்டு மூன்றே முக்கால்தான் இருக்கிறது! முளைக்குச் சவுக்குக் கம்பு சரியா? ஆணி எப்படி அடிப்பது?

ரசமட்டம் (சனி, மதியம் 2.20)

மூன்றே முக்கால் பலகைக்குப் பயப்பட வேண்டாம். மேல் விளிம்பு, மட்டம் பார்த்துக் கட்டிய நூலுக்கு நேராக இருந்தால் போதும். அடியில் கால் அங்குலச் சந்து விழும், அதை வெளிப்பக்கமாகக் களிமண் வைத்து அடைத்துவிடலாம். அடைக்காமல் விட்டால் சிமெண்ட் பால் எல்லாம் அந்தச் சந்து வழியே ஓடிவிடும். அப்புறம் கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் ஜல்லி பல் இளிக்கும்.

சவுக்கு அருமையானது. ஒன்றேகால் அடி நீளத்துக்கு வெட்டி, நுனியைக் கூராகச் சீவுங்கள். முக்கால் பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முளை எப்போதும் பலகைக்கு வெளியே. முளையின் தலை பலகையின் மேல் விளிம்பைவிடக் கொஞ்சம் கீழே. இல்லையென்றால் மட்டம் இழுக்கிற அலுமினியச் சட்டம் ஒவ்வொரு முளையிலும் இடித்து நிற்கும். ஆணி முளைப் பக்கமிருந்து பலகைக்குள் போக வேண்டும், அதுவும் முழுசாக அடிக்காமல் தலை கால் அங்குலம் வெளியே நிற்கட்டும். கழற்றும்போது அந்தக் கால் அங்குலத்தின் அருமை தெரியும். ஆணி அடிக்கும்போது பலகைக்கு உள்பக்கம் ஒரு சம்மட்டியை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் பலகை நூலை விட்டு நகரும்.

சும்மா பார்ப்பவன் (சனி, மாலை 4.45)

எனக்கும் இதே வேலை இருக்கிறது. மூலை 90 டிகிரி என்று எப்படிப் பார்ப்பது? சின்ன மூலைமட்டம்தான் கைவசம்.

செங்கல்சூளை (சனி, மாலை 5.10)

சின்ன மூலைமட்டத்தை 10 அடிக்கு நம்பக்கூடாது. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியில் ஒரு குறி, மறுபக்கம் 4 அடியில் ஒரு குறி. இரண்டுக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலை சரி. இடம் இருந்தால் 6, 8, 10 என்று வையுங்கள், பிழை குறையும்.

கர்ணத்துக்கு (மூலைக்கு மூலை குறுக்கு நீளம்) பழைய கணக்கு ஒன்று உண்டு. நீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, அகலத்தில் பாதியைக் கூட்டு. 10 அடியில் எட்டில் ஒன்று போனால் எட்டேமுக்கால், அதோடு 4. ஆகப் பன்னிரண்டேமுக்கால் அடி. வர்க்கமூலம் போடத் தெரியாதவர்களும் வாயாலேயே போட்ட கணக்கு இது.

கட்டுமானக்காரி (சனி, மாலை 5.32)

ஐயா, அழகான கணக்கு! ஆனால் தோராயம்தான். சரியான கர்ணம் 12 அடி 9 முக்கால் அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. உங்கள் கணக்கில் 12 அடி 9 அங்குலம். முக்கால் அங்குலம் கிட்டே விடுகிறது. பெட்டிக்குக் கணக்கே வேண்டாம், இரண்டு கர்ணத்தையும் டேப்பால் அளங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு கர்ணமும் ஒன்றாக இருந்தால் நான்கு மூலையும் சரி.

செங்கல்சூளை (சனி, மாலை 5.40)

முக்கால் அங்குலத்துக்கு மாடு முட்டாது அம்மா. சரி, அளந்தே பார்க்கட்டும்.

வாசல்திண்ணை (ஞாயிறு, மாலை 6.20)

இன்று காலையிலிருந்து இதே வேலை. மேல் மண் 6 அங்குலம் வழித்து எடுத்தோம். எலுமிச்சைச் செடியின் வேர் ஒன்று குறுக்கே வந்தது, அதற்கே முக்கால் மணி நேரம். 2 அங்குலம் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, திம்சுக்கட்டையால் இடித்தோம். மூன்று பக்கமும் பலகை நிறுத்தியாயிற்று. கர்ணம் இரண்டும் இப்போது கால் அங்குல வித்தியாசத்தில் நிற்கின்றன. டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பார்த்தேன், மேல் விளிம்பு நாலு மூலையிலும் சொல்லி வைத்தாற்போல் ஒரே மட்டம். மச்சான் கைதட்டினான். படம் இணைத்திருக்கிறேன்.

ரசமட்டம் (ஞாயிறு, மாலை 6.48)

சார், கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். இது துவைக்கிற தளம்தானே? நாலு மூலையும் ஒரே மட்டம் என்றால் தண்ணீர் எங்கே போகும்?

வாசல்திண்ணை (ஞாயிறு, மாலை 6.51)

ஐயோ.

ரசமட்டம் (ஞாயிறு, மாலை 7.15)

இன்னும் ஊற்றவில்லையே, கவலை வேண்டாம். ஊற்றிய பிறகு இதே கேள்வியைக் கேட்டவர்கள் நிறையப் பேர்.

தண்ணீர் புழங்கும் இடத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுங்கள். சுவரிலிருந்து வெளி ஓரம் 8 அடி, அப்படியானால் 2 அங்குலம். சுவரோரம் இருக்கிற மட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்து 10 அடிப் பலகையை 2 அங்குலம் இறக்குங்கள். பக்கவாட்டு இரண்டு பலகையும் தானாகச் சாய்ந்து வரும்.

இங்கேதான் எல்லோரும் தவறுவார்கள். பலகையை மட்டும் இறக்கிவிட்டு மண்ணை அப்படியே விட்டால், வெளி ஓரத்தில் தளம் 2 அங்குலம்தான் நிற்கும். அப்பளம் மாதிரி உடையும். அடியில் கிராவலையும் அதே வாட்டத்துக்குச் சீவி இடிக்க வேண்டும். எதிரெதிர்ப் பலகைகளுக்கு மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து கீழே எங்கே அளந்தாலும் 4 அங்குலம் வருகிறதா என்று பத்து இடத்தில் பாருங்கள்.

கரிசல்காடு (ஞாயிறு, இரவு 8.30)

கோவில்பட்டி பக்கம். திருச்சிக்காரர் தப்பித்தார், அவர் படத்தில் தெரிவது செம்மண். கரிசலில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மண் மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் 4 அங்குலத் தளம் தக்கையாட்டம் ஆடும். நான் ஒன்றரை அடி கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் நிரப்பி, அரை அடிக்கு ஒரு தரம் இடித்துத்தான் போட்டேன். இன்னொன்று, கோடையில் கரிசலில் முளை நிற்காது. இரும்புக் கம்பியை முளையாக அடித்துத்தான் சமாளித்தேன்.

வாசல்திண்ணை (செவ்வாய், காலை 6.30)

இரண்டு நாள் சாயங்காலத்தில் வாட்டம் சரி செய்தாயிற்று. இப்போது நூலுக்குக் கீழே எல்லா இடத்திலும் 4 அல்லது நாலேகால் வருகிறது. அடுத்த கேள்வி: பலகைக்கு என்ன எண்ணெய்? வண்டிக்கு மாற்றிய பழைய இன்ஜின் ஆயில் ஒரு கேன் சும்மா கிடக்கிறது.

கட்டுமானக்காரி (செவ்வாய், காலை 9.15)

நிறையப் பேர் அதைத்தான் தடவுகிறார்கள். ஓரம் கறுப்புக் கறையாக நிற்கும், மண்ணுக்கும் நல்லதல்ல. செண்ட்ரிங் சாமான் கடையில் ஷட்டரிங் ஆயில் என்றே கிடைக்கும், ஒரு லிட்டர் உங்களுக்குத் தாராளம். துணியில் நனைத்து மெல்லிசாகத் தடவினால் போதும். வழியக்கூடாது. கம்பி கட்டுவதாக இருந்தால் முதலில் எண்ணெய், அது இழுத்த பிறகு கம்பி. கம்பியில் எண்ணெய் பட்டால் கான்கிரீட் அதைப் பிடிக்காது.

எண்ணெய் இல்லாமல் காய்ந்த பலகையை வைத்தால், அது கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொண்டு ஒட்டும். காயாத பச்சை மரமாக இருந்தால் இன்னொரு தொல்லை. மரத்தின் சர்க்கரைச் சத்து சிமெண்டை இறுக விடாது. ஓரம் தொட்டால் மாவாக உதிரும்.

செங்கல்சூளை (செவ்வாய், காலை 9.50)

சுண்ணாம்புக்குக் கருப்பட்டியும் கடுக்காயும் போட்டு அரைத்தோம், சிமெண்டுக்குச் சர்க்கரையே ஆகாது. காலம்!

ரசமட்டம் (செவ்வாய், பகல் 12.30)

சாமான் கணக்கு கேட்காமலே சொல்கிறேன். 80 சதுர அடிக்கு 4 அங்குலம் என்றால் 27 கன அடி. உலர்ந்த சாமானாக ஒன்றரை மடங்கு எடுத்தால் 41 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று கலந்தால் சிமெண்ட் 6 மூட்டை, எம்-சாண்ட் 11 கன அடி, முக்கால் ஜல்லி 22 கன அடி. கையில் ஒரு மூட்டை கூடுதலாக வையுங்கள். பாதியில் தீர்ந்துபோய் கடைக்கு ஓடுவதைப் போல அவமானம் வேறு இல்லை. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். தளதளவென்று ஊற்றினால் வேலை சுலபம், தளம் சொத்தை.

மொத்தம் 1,800 கிலோவுக்கு மேல் வருகிறது. இரண்டு பேர் மண்வெட்டியில் கலக்க நினைத்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. சின்னக் கலவை மிஷின் வாடகைக்கு எடுங்கள்.

வாசல்திண்ணை (ஞாயிறு, இரவு 9.40)

போட்டாயிற்று. கை தூக்க முடியவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். மாமனாரும் பக்கத்து வீட்டுப் பையனும் வந்து சேர்ந்துகொண்டார்கள். 8 மி.மீ. கம்பி 8 அங்குல இடைவெளியில் முந்தின நாளே கட்டி, 2 அங்குலக் கவர் பிளாக் மேல் தூக்கி வைத்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் திருவிழா மாதிரி போனது. சுவரோரத்திலிருந்து கொட்டிக்கொண்டு வெளியே வந்தோம்.

வெளி ஓரத்துக்கு வந்தபோதுதான் வினை. மச்சான் "அண்ணே, நூலைப் பாருங்க" என்றான். 10 அடிப் பலகையின் வலது கோடியில் பலகைக்கும் நூலுக்கும் நடுவே விரல் நுழைகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரல். நாலாவது முளை சாய்ந்துகொண்டே போகிறது. அந்த இடத்தில்தான் போன வருடம் தண்ணீர்க் குழாய் புதைக்கத் தோண்டி மூடியிருந்தேன். மேலே பார்த்தால் கெட்டி மண், உள்ளே பொதபொத. முளையை அடித்தபோது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. "பரவாயில்லை, சுலபமாக இறங்குகிறதே" என்று சந்தோஷப்பட்டேன்! அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கொட்டுவதை நிறுத்தினோம். அந்த மூலையில் நாலைந்து சட்டிக் கலவையை வாரி நடுவே போட்டோம். தள்ளு குறைந்ததும் மாமனார் பலகையை முழங்காலால் நூல் வரைக்கும் தள்ளிப் பிடித்தார். நான் துவைக்கிற கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து அண்டை கொடுத்து, நடுவே இரண்டு ஆப்பு இறக்கினேன். ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு அரை நாள் மாதிரி இருந்தது. அப்படியும் முழுசாக உள்ளே வரவில்லை.

மற்றபடி அலுமினியச் சட்டத்தைப் பலகை மேல் வைத்து அறுத்து அறுத்து இழுத்தது சுகமான வேலை. பலகையைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தோம், காற்றுக் குமிழி பொக்கு பொக்கென்று வந்தது. மணியாசுக் கட்டையால் தேய்த்து, வழுக்காமல் இருக்கத் தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு.

ரசமட்டம் (ஞாயிறு, இரவு 10.05)

நிறுத்தி, வாரி, அண்டை கொடுத்தீர்களே, அதுதான் சரி. நிறையப் பேர் பதறிப்போய்க் கலவை இருக்கும்போதே பலகையைச் சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். நகரவே நகராது, ஆணிதான் கழன்றுவரும். இனி பொத மண் என்று சந்தேகம் வந்தால் முளைக்குப் பின்னால் இன்னொரு முளை அடித்து, நடுவே சாய்வாக ஒரு ரீப்பர் கட்டை கொடுத்துவிடுங்கள்.

நாளைக்கே பலகையில் கை வைக்காதீர்கள்.

கட்டுமானக்காரி (திங்கள், காலை 7.00)

பக்கப் பலகையை 16 மணி முதல் 24 மணி நேரத்தில் எடுக்கலாம் என்றுதான் ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்கிறது. ஆனால் அவசரமில்லையே, செவ்வாய்க் காலை எடுங்கள். ஆணியை முதலில் பிடுங்குங்கள், அப்புறம் முளை, கடைசியில் பலகை. கடப்பாறையைத் தளத்தின் மேல் ஊன்றி நெம்பினால் ஓரம் பேர்ந்து வரும். முளைத் துண்டு எதையும் மண்ணில் விட்டுவிடாதீர்கள். கரையானுக்குப் பந்தி வைத்தது போலாகும்.

இப்போது கடையில் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். உங்கள் தளம் வாட்டமாக இருப்பதால் பாத்தி கட்டினால் மேல் பாதியில் தண்ணீர் நிற்காது. நனைந்த சாக்கு போட்டு மூடுங்கள், காய விடாதீர்கள்.

வாசல்திண்ணை (செவ்வாய், காலை 8.20)

கழற்றியாயிற்று. மூன்று பக்கமும் ஓரம் கண்ணாடி மாதிரி. பலகையின் ரேகைகூடக் கான்கிரீட்டில் பதிந்திருக்கிறது, ஒரு இடத்தில் பேக்கிங் பெட்டியின் ஆணி ஓட்டைகூட அச்சு அசலாக. வலது மூலையில் மட்டும் முக்கால் அங்குலம் வயிறு. மனைவி பார்த்துவிட்டு "உங்களை மாதிரியே இருக்கு" என்றாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு நிற்காமல் வெளியே ஓடுகிறது.

செங்கல்சூளை (செவ்வாய், காலை 8.45)

முக்கால் அங்குலம். மாடு முட்டியதா?

சும்மா பார்ப்பவன் (செவ்வாய், மாலை 6.10)

வாசல்திண்ணை சார், நான் மணப்பாறை. அந்தப் பலகைகள் சும்மாதானே கிடக்கின்றன? அடுத்த ஞாயிறு எனக்கு 8-க்கு 6 தளம். இரவல் கிடைக்குமா?

வாசல்திண்ணை (செவ்வாய், இரவு 7.30)

தாராளமாக வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சுரண்டி, எண்ணெய் தடவி, வளையாமல் இருக்க அடுக்கி மேலே கல் வைத்திருக்கிறேன். முளைகளும் இருக்கின்றன. சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிற பலகைதான் வயிறு தள்ளினது, அதைச் சின்னப் பக்கத்துக்கு வையுங்கள். மிஷின் வாடகைக்கு விடுபவர் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். உங்கள் இடத்தில் குழாய் ஏதும் புதைத்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்.